தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ: 95 டிகிரியில் நின்றுவிட்ட ரைசன் செயலிக்கு வாங்கிய கூலர்

தெர்மல்ரைட் நிறுவனத்தின் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ என்னும் இரட்டைக் கோபுரக் கூலரை, அதாவது கணினியின் செயலியைக் குளிர்விக்கும் கருவியை, ஏஎம்டியின் ரைசன் 7 7700எக்ஸ் செயலியின்மேல் பூட்டி, ஏசி இல்லாத ஒரு சென்னை அறையில் கோடை முழுவதும் பயன்படுத்திய பின் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். நான்காயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்த இந்தக் கூலர் அந்த விலைக்கு மிகச் சிறந்த பொருள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் புதிதாகப் பூட்டிய கணினி கொதிக்கிறது என்று பதறி இதை வாங்க நினைப்பவர்கள், பணம் செலவழிப்பதற்கு முன் தங்கள் கணினியில் சூட்டின் காரணம் எது என்பதைக் கண்டுகொள்ள வேண்டும். இன்றைய செயலிகளில் வெப்பநிலையை மட்டும் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அந்த வெப்பநிலையைத் தொடும்போது செயலி எத்தனை வாட் மின்திறனை ஈர்க்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். இந்தக் கூலரின் தரத்தையும் நான் அந்த அளவுகோலைக் கொண்டே மதிப்பிட்டிருக்கிறேன்.

கணினி என் தம்பியுடையது. கட்டட வடிவமைப்புப் படங்களை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் செய்வது (முழுப் படமாகக் கணித்து உருவாக்குவது) அவனுடைய அன்றாட வேலை. உதிரிபாகங்களை அவனே தேர்ந்தெடுத்தான்; பூட்டும் வேலையைக் கடையில் செய்து கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே ரெண்டர் தொடங்கிய மறுகணம் செயலி 95 டிகிரியைத் தொட்டு அங்கேயே நின்றது. மின்விசிறி முழு வேகத்தில் இரைந்தது. ஆனால் வேலை மட்டும் எதிர்பார்த்த வேகத்தில் நகரவில்லை. கடையில் கேட்டபோது, இந்த வகைச் செயலி 95 டிகிரியில் ஓடுவது இயல்புதான் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பதிலில் பாதி உண்மை இருந்ததால்தான் சிக்கலைக் கண்டுபிடிக்கத் தாமதமாயிற்று.

அந்தப் பாதி உண்மையை முதலில் விளக்க வேண்டும். 2022 செப்டம்பரில் வெளிவந்த ரைசன் 7000 வரிசைச் செயலிகள், முழுச் சுமையில் வெப்ப வரம்பான 95 டிகிரி வரை தாமாகவே ஏறும்படி வடிவமைக்கப்பட்டவை. குளிர்விப்பதற்கு இடம் இருக்கும்வரை செயலி தன் வேகத்தை உயர்த்திக்கொண்டே போகும். மின்திறன் வரம்பு, மின்னோட்ட வரம்பு, வெப்ப வரம்பு ஆகிய மூன்றில் எதை முதலில் தொடுகிறதோ அங்கே நிற்கும். 7700எக்ஸ் செயலியின் பெட்டியில் 105 வாட் என்று போட்டிருந்தாலும், அது உண்மையில் 142 வாட் வரை ஈர்க்க அனுமதி பெற்றது. அந்த வெப்பத்தின் பெரும்பகுதி, எட்டுக் கோர்களும் (கணக்கிடும் அலகுகளும்) அடங்கியிருக்கும் ஏறத்தாழ 70 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள ஒரே சில்லிலிருந்து வெளியேறியாக வேண்டும். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஒன்றரை வாட்டுக்கும் மேல் என்பது மிகவும் அடர்ந்த வெப்பம். போதாக்குறைக்கு, பழைய ஏஎம்4 சாக்கெட்டுக்கான (மதர்போர்டில் செயலி அமரும் இடம்) கூலர்கள் புதிய ஏஎம்5 சாக்கெட்டிலும் பொருந்த வேண்டும் என்பதற்காகச் செயலியின் மொத்த உயரத்தை மாற்றாமல் வைத்ததால், அதன் உலோக மூடி தடித்துப் போயிற்று. இதே வரிசையைச் சேர்ந்த 7900எக்ஸ் செயலியின் மூடியைக் கழற்றிச் சில்லை நேரடியாகக் குளிர்வித்துக் காட்டிய ஜெர்மானிய ஓவர்கிளாக்கர் (செயலிகளை வரம்பு மீறிய வேகத்தில் ஓட்டிப் பார்ப்பவர்) ஒருவருக்கு 20 டிகிரி அளவுக்கு வெப்பம் குறைந்தது என்பதிலிருந்தே அந்த மூடி எவ்வளவு பெரிய தடை என்பது விளங்கும்.

ஆகவே 95 என்ற எண் தன்னளவில் கோளாறு அல்ல. 95 டிகிரியில் 135 வாட் ஈர்த்து, எல்லாக் கோர்களும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடினால், செயலி அதன் இயல்புப்படி வேலை செய்கிறது. அதே 95 டிகிரியில் 70 வாட் மட்டும் ஈர்த்து வேகம் சரிந்தால், சில்லில் பிறக்கும் வெப்பம் கூலரைச் சென்று சேரவில்லை என்று பொருள். வெப்பநிலையை மட்டும் காட்டும் திரையில் இந்த இரண்டு கணினிகளும் ஒன்றுபோலவே தெரியும். கடைக்காரர் பார்த்தது அந்த ஓர் எண்ணை மட்டுமே.

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, அதில் செயலியின் வெப்பநிலை, செயலி ஈர்க்கும் மொத்த மின்திறன், கோர்களின் சராசரி வேகம் ஆகிய மூன்று வரிகளை மட்டும் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டு, செயலிக்கு முழுச் சுமை தரும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனையைப் பத்து நிமிடம் ஓட்டினோம். அறையின் வெப்பநிலை அப்போது 32 டிகிரியை ஒட்டி இருந்தது. செயலி 95 டிகிரியில் நின்றது. ஈர்த்த மின்திறன் 72 வாட். வேகமோ அறிவிக்கப்பட்ட அடிப்படை வேகமான 4.5 கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்கியிருந்தது. 142 வாட்டுக்கு உரிய செயலி அதில் பாதி அளவிலேயே வெப்பச் சுவரில் முட்டிக்கொண்டது என்றால், அதை இயல்பு என்று எந்தக் கணக்கிலும் சொல்ல முடியாது.

பயாஸ் (கணினி தொடங்கும்போது இயங்கும் அடிப்படை மென்பொருள்) திரையில் தெரியும் வெப்பநிலையை வைத்து முடிவுக்கு வர வேண்டாம் என்றும் இங்கே சொல்லிவிடுகிறேன். பயாஸில் இருக்கும்போது செயலி ஓய்வு நிலைக்குச் செல்வதில்லை. எனவே அங்கே தெரியும் எண் விண்டோஸில் சும்மா இருக்கும்போது தெரிவதைவிட அதிகமாகவே இருக்கும். அதுபோலவே, ஒரு நிரலைத் திறந்தவுடன் வெப்பநிலை 45 டிகிரியிலிருந்து 60-க்குத் தாவி மீண்டும் இறங்குவதும் ரைசன் செயலிகளில் வழக்கமானதே. அந்தத் தாவலுக்கெல்லாம் மின்விசிறி பதறி இரைவது தொல்லையாக இருந்தால், பயாஸில் மின்விசிறியின் வேகம் மாறுவதற்கான தாமதத்தைச் சில நொடிகள் கூட்டி வைத்தால் போதும்.

சிக்கல் கூலருக்கும் செயலிக்கும் இடையிலா, கூலருக்கும் அறைக்கும் இடையிலா என்று பிரித்தறிய இரண்டு எளிய அடையாளங்கள் உண்டு. முதலாவது, வெப்பம் ஏறும் விதம். ஒரு கூலரில் அரைக் கிலோவுக்கும் மேற்பட்ட உலோகம் இருக்கிறது. அது முழுவதும் சூடேறச் சில நிமிடங்கள் ஆகும். தொடர்பு சரியாக இருந்து, காற்றோட்டம் மட்டும் போதாதிருந்தால், வெப்பநிலை நிமிடக் கணக்கில் மெல்ல ஏறிக்கொண்டே போகும். தொடர்பு சரியில்லை என்றால், சோதனை தொடங்கிய ஓரிரு நொடிகளிலேயே, மின்திறன் குறைவாக இருக்கும்போதே, உச்சத்தைத் தொட்டுவிடும். இரண்டாவது அடையாளம் இன்னும் எளிது. செயலி 95 டிகிரியில் இருக்கும்போது, மின்விசிறியில் விரல் படாதபடி கவனமாக, கூலரின் தகடுகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தகடுகளும் அடிப்புறக் குழாய்களும் நன்றாகச் சுட்டால் வெப்பம் கூலருக்கு வந்துவிட்டது, அதை வெளியேற்றுவதில்தான் குறை. அவை வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தால் வெப்பம் வந்து சேரவே இல்லை. தம்பியின் கணினியில் தகடுகள் கிட்டத்தட்ட அறையின் சூட்டிலேயே இருந்தன. கேபினெட்டின் பக்கத் தகட்டைத் திறந்து வைத்தும் ஓட்டிப் பார்த்தோம். ஒரு டிகிரிகூட மாறவில்லை. கேபினெட்டுக்குள் காற்று போதவில்லை என்றால் அந்தத் தகட்டைத் திறந்ததும் வெப்பம் கணிசமாக இறங்கியிருக்க வேண்டும்.

கடையில் பூட்டியிருந்த ஒற்றைக் கோபுரக் கூலரைக் கழற்றியபோது காரணம் கண்ணெதிரே தெரிந்தது. செயலியின் மூடியில் ஒரு பக்கத்தில் தெர்மல் பேஸ்ட் (மூடிக்கும் கூலருக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் பசை) மெல்லிய படலமாகப் பரவியிருந்தது. எதிர்ப்பக்கத்தில் அது பூசிய வடிவம் கலையாமல் தடிமனாக அப்படியே நின்றது. ஒரு திருகை முழுவதும் முடுக்கிய பிறகே எதிர்த் திருகைத் தொட்டிருக்கிறார்கள். அந்தத் திருகு மரையில் கோணலாக ஏறி, பாதியில் இறுகி நின்றுவிட்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முழுவதும் முடுக்கியது போலவே தோன்றும். கூலர் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கூலரின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு பிளாஸ்டிக் தாளை உரிக்காமலேயே பூட்டிவிடுவதும் புதிய கணினிகளில் அடிக்கடி நேர்வதுதான். இங்கே அது நேரவில்லை.

கழற்றுவது பற்றி ஒரு குறிப்பு. சற்று நேரம் கணினியை ஓட்டி, பேஸ்ட் இளகிய பிறகு, கணினியை அணைத்து மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகித்தான் தூக்க வேண்டும். ஏஎம்4 சாக்கெட்டில் நேராக இழுத்தால் செயலியும் பேஸ்ட்டோடு ஒட்டிக்கொண்டு வந்து அதன் பின்கள் வளைந்துவிடும் ஆபத்து இருந்தது. ஏஎம்5 சாக்கெட்டில் உலோகச் சட்டகம் செயலியை அழுத்திப் பிடித்திருப்பதால் அந்த அச்சம் இல்லை என்றாலும் நிதானம் தேவை. பழைய பேஸ்ட்டைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பஞ்சிழை உதிராத துணியும் போதும்.

புதிய கூலரை உடனே பூட்டிவிடாமல், பழைய கூலரையே முதலில் சரியாகப் பூட்டி அளந்து பார்க்கத் தம்பியை இணங்க வைத்தேன். அவ்வாறு செய்யாவிட்டால், எது திருத்தத்தால் வந்த பலன், எது நாலாயிரம் ரூபாயால் வந்த பலன் என்பது தெரியாமலே போயிருக்கும். மரையைச் சரிசெய்து, புதிய பேஸ்ட் வைத்து, இரு திருகுகளையும் மாற்றி மாற்றிச் சில சுற்றுகளாக முடுக்கியதும், அதே 95 டிகிரியில் அதே பழைய கூலர் 112 வாட்டைத் தாங்கியது. 72 வாட்டிலிருந்து 112 வாட்டுக்கு உயர்வு. செலவு கொஞ்சம் பேஸ்ட் மட்டும். உங்கள் கணினி வெறும் அலுவலகப் பணிக்கும் விளையாட்டுக்கும் என்றால், இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். எட்டுக் கோர்களையும் மணிக்கணக்கில் முழுமையாக உழைக்க வைக்கும் விளையாட்டுகள் அரிது. மணிக்கணக்கில் ரெண்டர் ஓட்டுபவனுக்கு எஞ்சிய 30 வாட் தேவைப்பட்டது. அதற்காகத்தான் பியர்லெஸ் அசாசின் வாங்கினோம்.

பெட்டிக்குள் இருப்பவற்றை விரிவாகப் பேசத் தேவையில்லை. 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஆறு வெப்பக் குழாய்கள் செப்பு அடித்தளத்திலிருந்து எழுந்து, இரண்டு தகட்டுக் கோபுரங்களின் ஊடே செல்கின்றன. 120 மில்லிமீட்டர் மின்விசிறிகள் இரண்டு. அவை நிமிடத்துக்கு 1,550 சுற்றுகள் வரை சுழல்பவை. மொத்த உயரம் 155 மில்லிமீட்டர். இரண்டு மின்விசிறிகளையும் மதர்போர்டின் ஒரே இணைப்பில் சேர்க்கும் கிளைக்கம்பியும், டிஎஃப்7 என்ற பெயரில் ஒரு சிறு பேஸ்ட் குழாயும் உடன் வருகின்றன. கிளைக்கம்பியைச் செயலி மின்விசிறிக்கென்று குறிக்கப்பட்ட இணைப்பிலேயே சேர்க்க வேண்டும். கேபினெட் மின்விசிறிக்கான இணைப்பில் மாற்றிச் செருகினால், செயலி கொதிக்கும்போதும் அது மெதுவாகவே சுழலக்கூடும், சில மதர்போர்டுகள் கணினி தொடங்கும்போதே பிழையும் காட்டும்.

நான் இந்தக் கூலரை மெச்சுவதற்கு முதன்மையான காரணம் அதைப் பூட்டும் முறை. மதர்போர்டின் முன்பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் பிடிகளை நான்கு திருகுகளைக் கழற்றி எடுத்துவிட்டு, மதர்போர்டோடு வந்த பின்தகட்டையே பயன்படுத்தி, நான்கு இடைக்குமிழ்களின்மேல் இரண்டு உலோகப் பட்டைகளைப் பொருத்த வேண்டும். பிறகு, நடு மின்விசிறி இல்லாத நிலையில் கூலரை மேலே வைத்து, கோபுரங்களுக்கு இடையிலுள்ள இடைவெளி வழியாக நீளமான திருப்புளியை விட்டு, அடித்தளத்தின் இரு பக்கமும் உள்ள சுருள்வில் திருகுகளை முடுக்க வேண்டும். அழுத்தத்தைத் தீர்மானிப்பது வில்லும், திருகு போய் முட்டி நிற்கும் எல்லையும். முடுக்குபவரின் கைவலிமைக்கு அங்கே வேலை இல்லை. ஒரு பக்கத்துக்கு இரண்டு சுற்று, மறுபக்கத்துக்கு இரண்டு சுற்று என்று மாறி மாறி முடுக்கினால், இரண்டும் முட்டி நிற்கும்போது தளம் சமமாகவே அமர்ந்திருக்கும். முதன்முறையாகக் கணினி பூட்டும் ஒருவர் தவறு செய்வதற்கு இதில் மிகக் குறைந்த இடமே இருக்கிறது. கூலர்களை ஒப்பிடுபவர்கள் தகடுகளின் பரப்பையும் குழாய்களின் எண்ணிக்கையையும் எண்ணிச் சொல்கிறார்கள்; பூட்டும் முறைக்கு அவர்கள் தரும் இடம் போதாது என்பது என் உறுதியான கருத்து. எங்கள் கணினியில் 40 வாட்டைத் தின்றது தகடுகளின் குறை அல்ல, ஒரு கோணல் திருகு.

பேஸ்ட் எவ்வளவு வைப்பது என்பதில் பலருக்கும் குழப்பம் உண்டு. ஏஎம்5 செயலியின் மூடியைச் சுற்றிலும் பள்ளங்கள் வெட்டப்பட்டு, அவற்றில் சிறு மின்தேக்கிகள் அமர்ந்திருக்கின்றன. மிகுதியான பேஸ்ட் அந்தப் பள்ளங்களில் வழிந்து இறங்கும். வழக்கமான பேஸ்ட்கள் மின்சாரத்தைக் கடத்தாதவை என்பதால் அதனால் கேடு எதுவும் இல்லை. ஆனால் துடைத்து எடுப்பது கடினம். எனவே மூலைக்கு மூலை மெல்லிய குறுக்குக் கோடுகளாக வைத்து, மற்றதைக் கூலரின் அழுத்தத்துக்கு விட்டுவிடுவது நல்லது. குறைவாக வைப்பதுதான் உண்மையான கேடு. சற்றுக் கூடினால் எஞ்சியது ஓரங்களில் பிதுங்கி வெளியேறிவிடும். கூடவே வந்த டிஎஃப்7 தரமானது. தனியாக வேறொன்று வாங்க அவசியம் இல்லை. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் பெயர் தெரியாத மலிவான வெள்ளைப் பசைகளும் கிடைக்கின்றன. இத்தனை அடர்ந்த வெப்பத்துக்கு அவற்றை நம்ப மாட்டேன். பின்னாளில் ஓர் உறுதியான பேஸ்ட் தேவைப்பட்டால் ஆர்க்டிக் எம்எக்ஸ்-6 போன்ற ஒன்றை வாங்கலாம்.

இனி முடிவுகள். அறை 32 டிகிரியில் இருக்க, பயாஸில் எதையும் மாற்றாமல் பத்து நிமிட சினிபெஞ்ச் சோதனையில், பியர்லெஸ் அசாசின் 94 முதல் 95 டிகிரி வரையிலான வெப்பநிலையில் 132 வாட்டைத் தாங்கியது, வேகம் 5.1 கிகாஹெர்ட்ஸை ஒட்டி நின்றது. திரையில் தெரிந்த வெப்பநிலை, தொல்லை தொடங்கிய முதல் நாளில் தெரிந்த அதே எண்தான். ஆனால் செயலி அப்போது செய்ததைவிட ஏறக்குறைய இருமடங்கு மின்திறனை எடுத்து உழைக்கிறது. ரெண்டர் முடியும் நேரத்தில் அந்த வேறுபாடு நன்றாகத் தெரிகிறது.

வெளிநாட்டு மதிப்பீடுகளில் இதே கூலரும் இதே செயலியும் 90 டிகிரிக்குக் கீழே நிற்பதைப் பார்த்துவிட்டு, தமக்கு வந்த பொருள் பழுதோ என்று அஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சோதனைகள் பெரும்பாலும் 20 முதல் 23 டிகிரி வரையிலான அறையில் நடத்தப்படுபவை. காற்றால் குளிர்விக்கும் கூலர் எதுவானாலும் அது அறையின் வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரி என்ற கணக்கில்தான் வேலை செய்யும். அறை 10 டிகிரி கூடினால் செயலியும் ஏறத்தாழ 10 டிகிரி கூடும். சென்னையில் மே மாதத்தில், மாடி வீட்டு அறையில், மாலை நேரத்திலும் 34 டிகிரி இருப்பது புதிதல்ல. எனவே எந்த எண்ணைப் பார்த்தாலும் அதிலிருந்து அறையின் வெப்பத்தைக் கழித்துவிட்டு ஒப்பிட வேண்டும். நீர்க்குளிர்விப்பானும் இந்த விதிக்கு விலக்கல்ல. அதன் ரேடியேட்டரும் இதே அறைக்காற்றைத்தான் பயன்படுத்துகிறது.

கூலரால் ஆகக்கூடியது இவ்வளவுதான் என்றான பிறகு, பயாஸில் செய்யக்கூடியவை இரண்டு உண்டு. இரண்டுக்கும் காசு செலவில்லை. ஏஎம்டி வழங்கும் ஈகோ முறையில் 65 வாட் நிலையைத் தேர்ந்தெடுத்தால், செயலியின் மின்திறன் 88 வாட்டோடு நின்றுவிடும். அந்த நிலையில் இந்தக் கூலரோடு வெப்பநிலை 72 டிகிரியைத் தாண்டவில்லை. சினிபெஞ்ச் மதிப்பெண்ணில் குறைந்ததோ இருபதில் ஒரு பங்கு அளவுதான். கடைசி சில நூறு மெகாஹெர்ட்ஸுக்காக இந்தச் செயலி எவ்வளவு மின்சாரத்தை விரயம் செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. முழு வேகத்தை இயல்பு நிலையாகவும் ஈகோவை விருப்பத் தேர்வாகவும் வைத்த ஏஎம்டியின் முடிவு, நம்மைப் போன்ற வெப்ப நாட்டுப் பயனாளிகளுக்கு ஏற்றதல்ல என்றே கருதுகிறேன். மற்றொன்று, கர்வ் ஆப்டிமைசர். ஒவ்வொரு வேகத்துக்கும் செயலி கேட்கும் மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைத்து வைக்கும் வசதி இது. எல்லாக் கோர்களுக்கும் எதிர்மறை 20 என்று வைத்தபோது, வேகம் குறையாமலே வெப்பநிலை 90 டிகிரிக்கு இறங்கியது. ஆனால் ஒவ்வொரு சில்லும் இதை ஒரே அளவில் தாங்குவதில்லை. சுமை இல்லாத நேரத்தில் கணினி தானாக மறுதொடக்கம் ஆனால், அந்த எண்ணை 15 அல்லது 10 எனத் தளர்த்த வேண்டும். தம்பி இப்போது நீண்ட இரவு ரெண்டர்களுக்கு ஈகோ முறையையும் பகல் வேலைக்குக் கர்வ் ஆப்டிமைசரையும் வைத்துக்கொள்கிறான்.

பயாஸைத் திறந்த கையோடு அதன் பதிப்பையும் பார்த்துவிட வேண்டும். 2023 ஏப்ரலில் சில ரைசன் 7000 செயலிகள், குறிப்பாக 7800எக்ஸ்3டி, சாக்கெட்டிலேயே கருகிய செய்திகள் வந்தபின், செயலியின் எஸ்ஓசி மின்னழுத்தத்தை (நினைவகக் கட்டுப்பாடு போன்ற பகுதிகளுக்கான மின்னழுத்தத்தை) 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாமல் தடுக்கும் பயாஸ் பதிப்புகள் வெளியாயின. நினைவகத்தை எக்ஸ்போ என்னும் கூடுதல் வேக அமைப்பில் ஓட்டும்போது சில மதர்போர்டுகள் அந்த மின்னழுத்தத்தை அளவுக்கு மீறி உயர்த்தியதே அச்சத்துக்குக் காரணம். கடையில் நெடுநாள் கிடந்த மதர்போர்டில் பழைய பதிப்பே இருக்கக்கூடும். இது வெறும் வெப்பம் பற்றிய விஷயமல்ல, செயலியின் உயிர் பற்றியது. ஆகவே கூலர் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியது.

ஒலியைப் பற்றிச் சொல்வதானால், மின்விசிறிகள் 1,100 சுற்று வரை கூரை மின்விசிறியின் ஓசையில் கரைந்துவிடுகின்றன. முழு வேகத்தில் காற்றின் இரைச்சல் கேட்கிறது. ஆனால் அது ஒரே சீராக இருப்பதால் காதை உறுத்தவில்லை. 1,300 சுற்றுக்கும் 1,550 சுற்றுக்கும் இடையே இந்தச் செயலியின் வெப்பத்தில் பெரிய வேறுபாடு இல்லை. தடை இருப்பது சில்லுக்கும் மூடிக்கும் இடையில் என்பதால், தகடுகளின்மேல் எவ்வளவு காற்றை வீசினாலும் ஓர் எல்லைக்கு மேல் பலன் தராது. பயாஸில் மின்விசிறியின் உச்சத்தை 80 விழுக்காட்டில் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

கவனிக்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு. மின்விசிறிகளைப் பிடித்திருக்கும் கம்பிக் கொக்கிகள் விறைப்பானவை. நடு மின்விசிறியின் கொக்கியை மாட்டும்போது மதர்போர்டின் உச்சியிலுள்ள உறைத்தகடுகள் கைக்கு இடம் தருவதில்லை. முன் மின்விசிறி நினைவகப் பட்டைகளின் மேலே நீண்டு வருவதால், விளக்குகளோடு கூடிய உயரமான பட்டைகள் இருந்தால் அதைச் சற்று மேலே உயர்த்தி மாட்ட வேண்டியிருக்கும். அப்போது 155 மில்லிமீட்டர் என்ற உயரக் கணக்கு மாறிவிடும், கேபினெட்டின் பக்கக் கண்ணாடி மூடாமல் போகலாம். கேபினெட்டில் கூலருக்கு அனுமதிக்கப்பட்ட உயரத்தை வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்வது கட்டாயம். முன்பக்கம் முழுவதும் கண்ணாடியால் அடைத்து, ஓரத்தில் விரற்கடை இடைவெளி மட்டும் விட்ட கேபினெட்டுகளில் இந்தக் கூலரை வைப்பதில் பயன் இல்லை. சல்லடை முகப்பும், முன்னே காற்றை உள்ளிழுக்க இரண்டு மின்விசிறிகளும், பின்னே வெளியேற்ற ஒன்றும் இருந்தால்தான் இந்தக் கோபுரங்களின் முழுப் பலன் கிடைக்கும். சாலையோர வீடுகளில் முகப்புச் சல்லடையில் தூசி விரைவாகப் படிகிறது. மாதம் ஒருமுறை அதைத் தட்டிக் கழுவிக் காயவைத்து மாட்டுவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

இதைவிட விலை உயர்ந்தவற்றோடு ஒப்பிட்டுக் கேட்பவர்களுக்கு: ஆஸ்திரிய நிறுவனமான நாக்டுவாவின் என்எச்-டி15 கூலர் 2014-இல் வெளிவந்து இன்றும் மதிக்கப்படும் பொருள், அதன் மின்விசிறிகளின் தரமும் பூட்டும் முறையின் துல்லியமும் பியர்லெஸ் அசாசினைவிட மேலானவை. ஆனால் அது பலமடங்கு விலை. 7700எக்ஸ் போன்ற, வெப்பம் ஒரே சிறு புள்ளியில் குவியும் செயலியில் அந்த விலைக்கு ஈடாகக் கிடைப்பது சில டிகிரிகள் மட்டுமே. ஏஎம்5 செயலியில் கோர்கள் இருக்கும் சில்லு மூடியின் நடுவில் இல்லாமல் கீழ்ப்புறமாக அமைந்திருப்பதால், கூலரைச் சில மில்லிமீட்டர் கீழே தள்ளிப் பூட்டும் பட்டைகளை நாக்டுவா 2023-இல் தனியே வெளியிட்டது. அதனால் ஒன்று முதல் மூன்று டிகிரி வரை குறையும் என்று அந்நிறுவனமே சொல்கிறது. செயலி எங்கே சுடுகிறதோ அங்கே கூலரை நகர்த்தும் அந்தச் சிந்தனை எனக்குப் பிடித்திருக்கிறது. 360 மில்லிமீட்டர் நீர்க்குளிர்விப்பான்கள் 200 வாட்டுக்கு மேல் ஈர்க்கும் செயலிகளுக்கே உரியவை. எட்டுக் கோர் ரைசனுக்கு அது தேவையற்ற செலவு, கூடவே பம்ப் என்ற தேயும் உறுப்பும் ஒன்று சேர்கிறது.

இன்டெல் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 13, 14-ஆம் தலைமுறையின் உயர்வகைச் செயலிகளைப் பல மதர்போர்டுகள் மின்திறன் வரம்பே இல்லாமல் ஓட்டின. அந்த நிலையில் எந்தக் காற்றுக் கூலரும் 100 டிகிரியைத் தடுக்க முடியாது. கோர் ஐ9-14900கே போன்றவற்றுக்கு இன்டெல் குறித்த 253 வாட் வரம்பைப் பயாஸில் முதலில் வைத்துவிட்டு, அதன் பிறகே கூலரைக் குறை சொல்ல வேண்டும். நீள்சதுரமான அந்தச் செயலிகளை எல்ஜிஏ1700 சாக்கெட்டின் பிடி நடுவில் அழுத்துவதால் மூடி சற்றே வளைந்து தொடர்பு குறைவதும் உண்டு. அதற்கென்று தெர்மல்ரைட் விற்கும் மாற்றுச் சட்டகம் மிகச் சிறிய விலையில் கிடைக்கிறது.

7700எக்ஸ் செயலியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், கூலரை முதலில் சமமாகப் பூட்டி, 95 டிகிரியில் எத்தனை வாட் என்று அளந்து, அது 120-க்குக் கீழே நின்று, அவர்களுடைய வேலையும் நீண்ட நேரச் சுமையாக இருந்தால், பியர்லெஸ் அசாசினைத் தயங்காமல் வாங்கலாம். இன்னும் செயலியே வாங்காதவர்கள், 7700 என்ற எக்ஸ் இல்லாத வகையைப் பார்க்க வேண்டும். எட்டுக் கோர்கள் அதே எட்டுக் கோர்கள்தாம். 88 வாட் என்ற வரம்பு ஆலையிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. ஏஎம்டியின் ரெய்த் பிரிசம் கூலரும் பெட்டியிலேயே வருகிறது. தம்பியின் அலுவலகத்தில் அடுத்து வாங்கவிருக்கும் கணினிகளுக்கு அந்தச் செயலியைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவற்றின் கூலர்களைப் பூட்டும்போது திருப்புளி எங்கள் கையில்தான் இருக்கும் என்பதையும் சொல்லிவிட்டோம்.